டரான்டுலா பெட்டிக்கு மண் கலப்பது எப்படி: கொங்குப் பக்கம் கிடைப்பதை வைத்தே

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து மஞ்சி (தேங்காய் நார்) மில்களில் நார்த்தூள் மலைபோல் குவிந்து கிடக்கும். அதையே கட்டியாக அழுத்தி, கோகோபித் என்று பெயரிட்டு எல்லா ஊரிலும் விற்கிறார்கள். விலை குறைவு, கை எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதனால் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் டரான்டுலா என்னும் பெரிய சிலந்தியை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெட்டி முழுக்க வெறும் நார்த்தூளைக் கொட்டிவிடுகிறார்கள். சிலந்தி உயிரோடு இருக்கும். ஆனால் அது தோண்டும் குழி நிற்காது. நார்த்தூள் நனைந்தால் பஞ்சு, காய்ந்தால் தூசி. இரண்டிலும் சுவர் எழும்பாது.

தரையில் வாழும் டரான்டுலாவுக்கும் வளை தோண்டுபவைக்கும் அடிப்படை மண்தான். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் மண்ணை இலகுவாக்கவும் சேர்க்கும் துணைப் பொருள். எந்தக் கலவையையும் பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கலவையைக் கண்ணாடி டம்ளரில் அழுத்தி நிரப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போல் விரலால் சாய்வாக ஒரு துளை போடுங்கள். மூன்று நாள் அப்படியே காயட்டும். துளை இடியாமல், சுவரில் விரிசல் விழாமல் நின்றால் அந்தக் கலவை தேறிவிட்டது. இடிந்தால் மண் போதவில்லை. பாளம் பாளமாக வெடித்தால் களிமண் அதிகம்.

மண்ணை எங்கே எடுப்பது

நமக்குத் தேவை சலித்த செம்மண். பயிர் செய்த தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். பருத்தி, சின்ன வெங்காயம், மஞ்சள், காய்கறி எது விளைந்த நிலமாக இருந்தாலும் குருணை மருந்தும் தெளிப்பு மருந்தும் போட்டிருப்பார்கள். தென்னந்தோப்புக்கும் இதே கதைதான். வேர் வழியாக மருந்து கட்டிய மரத்தடி மண்ணை நம்ப முடியாது. பூச்சிக்கு எமனாகும் மருந்து சிலந்திக்கும் எமன்தான்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடு இதற்கு ஏற்ற இடம். கிழுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, மாடு மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த நிலம். உழவு அபூர்வம், பூச்சி மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. உடையவரிடம் கேட்டு, மேல்மண் இரண்டு விரல் ஆழத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே இருப்பதை எடுங்கள். சாணி கிடக்கும் இடமும் பட்டிப் பக்கமும் வேண்டாம். மாட்டுக்குப் போடும் குடற்புழு, உண்ணி மருந்துகளின் மிச்சம் சாணத்தில் வெளியேறும். கொறங்காட்டு மண்ணில் சரளை நிறைய இருக்கும். மணல் சலிக்கும் சல்லடையில் ஒருமுறை, கோதுமை சலிக்கும் சல்லடையில் ஒருமுறை சலித்தால் பாதிக்குப் பாதிதான் தேறும். அதற்கேற்பக் கூடுதலாக எடுத்து வாருங்கள்.

கொங்கு மண்ணில் இன்னொரு சங்கதி, சுக்கான். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும் மண் காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகிவிடும், சிலந்தியால் தோண்ட முடியாது. சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கரிசல் மண்ணை மட்டும் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. ஈரத்தில் ஊதி, காய்ந்தால் பிளக்கும். ஒரு விரல் போகும் அளவுக்கு வெடிப்பு விழுந்து, வளை நடுவில் முறிந்துவிடும். களி குறைவான செம்மண்ணுக்குப் பசை சேர்க்க மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கு கரிசல் கலக்கலாம், அதோடு சரி. குளத்து வண்டலும் இப்படித்தான். அதில் கழிவுநீர் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. புற்று மண் அருமையாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அது கும்பிடுகிற இடம், உள்ளே பாம்பும் இருக்கலாம். அதைத் தொடாதீர்கள்.

நொய்யல் ஆற்று மண்ணையும் மணலையும், குறிப்பாகத் திருப்பூருக்குக் கீழே, எடுக்கவே கூடாது. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணைவரை சேர்ந்த ஆறு அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. அங்கே படிந்த உப்பையும் உலோகத்தையும் வெயிலில் காயவைத்து நீக்க முடியாது.

மண்ணில் களி எவ்வளவு என்று பார்க்க ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதி தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மேலே படியும் மெல்லிய அடுக்குதான் களி. மொத்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை களி இருந்தால் எதற்கும் ஏற்ற மண். (இந்தச் சோதனைக்கு எடுத்த மண்ணைக் கலவையில் சேர்க்காதீர்கள், சோப்பு கலந்தது.)

நார்த்தூள்

கழுவிய நார்த்தூளைக் கேட்டு வாங்குங்கள். கடையில் 'லோ இசி' என்பார்கள்; இசி என்பது உப்பின் அளவைக் காட்டும் எண். உறையில் இசி 0.5க்குக் கீழே என்று போட்டிருக்கும். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. மில்லில் உப்புத் தண்ணீர் போர்வெல்லில் நனைத்திருந்தால் இன்னும் ஏறும். கழுவாத தூளைப் பெட்டியில் போட்டால் ஈரம் ஆவியாக ஆவியாக மேலே வெள்ளைப் பொடி பூக்கும்.

650 கிராம் கட்டி ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் 8 முதல் 9 லிட்டர் உதிரித் தூள் கிடைக்கும். 5 கிலோ கட்டி ஒரே பெட்டிக்கு மிக அதிகம். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கட்டும். ஊறியதைக் கோணிப்பையில் கொட்டி, நிறையத் தண்ணீர் விட்டு அலசிப் பிழியுங்கள். வடியும் நீரின் தேநீர் நிறம் வெளிறும்வரை, மூன்று முறையாவது. சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ குடிநீரோ பயன்படுத்துங்கள்.

தூளோடு வரும் மஞ்சியை முழுக்கப் பொறுக்கி எறிய வேண்டாம். மண் சுவருக்கு வைக்கோல் கலப்பதுபோல, விரல்நீளத்துக்குக் குறைந்த நார் வளையின் கூரையைத் தாங்கும். நீளமானதை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

மணல், வெர்மிகுலைட், சேர்க்கவே கூடாதவை

ஆற்று மணல் கொஞ்சம் போதும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் நைஸ் மணலே ஆகும். எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து எடுப்பது, துகள் கூராக இருக்கும். சிலந்தியின் பின்வயிற்றுத் தோல் மிக மெல்லியது. வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் பொரிந்த கனிமத் துகள்) ஈரம் வேண்டும் இனங்களுக்கு மட்டும்.

நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும் செடிக் கலவை வேண்டாம். அதில் மண்புழு உரமும் பெரும்பாலும் வேப்பம் புண்ணாக்கும் இருக்கும். வேம்பின் அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைக்கும் பொருள். தோலுரித்தே வளர்கிற ஒரு பிராணியின் வீட்டில் அதற்கு இடமில்லை. மண்புழு உரத்தோடு நுண்ணிய பேன்கள் (மைட்) கூட்டமாக வரும். கிருமி வராது என்று மஞ்சள் தூள் தூவுவதும் கூடாது. மஞ்சளுக்கும் பூச்சி விரட்டும் குணம் உண்டு. மர அறுவை மில் தூளில் என்ன மரம், என்ன பிசின் என்று தெரியாது. கரும்புச் சக்கை புளித்து நாறும். சல்லியும் கூழாங்கல்லும் தரைக்கு ஆகாது, விழுந்தால் அடிபடும்.

சுத்தம் செய்தல்

பங்குனி, சித்திரை வெயிலில் தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி மூன்று நாள் காயவைத்தால் மண்ணில் இருக்கும் எறும்பும் புழுவும் ஓடிவிடும். மற்ற மாதங்களில் ஆவி நம்பகமானது. சமையலுக்கு இனி எடுக்காத பழைய இட்லிப் பானையில், துணி விரித்து, லேசாக ஈரப்படுத்திய மண்ணை வைத்து, ஆவி வந்த பிறகு 30 நிமிடம். இதனால் மண் நிரந்தரமாகக் கிருமியற்றதாகிவிடாது. பூரான், எறும்பு முட்டை, புழு ஆகியவற்றை ஒழிக்கத்தான் இந்த வேலை. முழுதாக ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

எந்தச் சிலந்திக்கு எந்தக் கலவை

பங்கு என்றால் எடையல்ல, ஒரே போசியால் அளந்த கொள்ளளவு.

வறண்ட தரை இனங்கள், அதாவது மெக்சிகன் ரெட் நீ, கிராமஸ்டோலா வகைகள், பச்சை-நீலக் குரோமட்டோபெல்மா: செம்மண் 5, நார்த்தூள் 4, மணல் 1. கர்லி ஹேர் இனத்துக்கும் இதுவேதான், ஒரு மூலையில் ஈரம் கூடுதலாக இருக்கட்டும்.

வளை தோண்டுபவை, அதாவது கைலோபிராகிஸ், சிரியோபாகோபஸ் போன்ற ஆசிய இனங்கள்: செம்மண் 6, நார்த்தூள் 3, வெர்மிகுலைட் 1. மண்ணில் களி குறைவென்று பாட்டில் காட்டினால் செம்மண்ணில் ஒரு பங்கைக் கரிசலாக மாற்றுங்கள். வாழ்நாள் முழுக்க மண்ணுக்குள்ளேயே இருக்கப்போகும் பிராணிகள் இவை. மண் வேலையில் சுணங்கினால் அதிகம் தண்டனை பெறுவதும் இவைதான். குழி அமையாத கைலோபிராகிஸ் பெட்டி மூலையில் ஒடுங்கி, பெட்டியைத் திறந்தாலே சீறும். குணம் கெட்டது என்று அதன்மேல் பழி விழும், உண்மையில் கெட்டது தரை.

நிறைய ஈரம் வேண்டும் தெரபோசா போன்ற பெரிய இனங்கள்: நார்த்தூள் 5, செம்மண் 4, வெர்மிகுலைட் 1. மேலே ஒரு மூலையில் ஒரு கைப்பிடி ஸ்பேக்னம் பாசி.

மரத்தில் வாழ்பவைக்கு மண் பெரிய விஷயமில்லை, 4 முதல் 6 செ.மீ. நார்த்தூளும் செம்மண்ணும் சரிபாதி போதும். ஆனால் மரத்தில் வாழும் கரிபெனா இனத்தின் குஞ்சுகள் மரப்பட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் வலைக் குழல் கட்டும், மண் உதிரியாக இருந்தால் குழலின் அடி ஆடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை மரப்பொந்துகளில் வாழும் பொயிசிலோதீரியா என்னும் டரான்டுலாப் பேரினத்தைக் காட்டிலிருந்து பிடித்து வருவதும் அப்படிப் பிடித்ததை வாங்குவதும் கூடாது. அந்தப் பேரினம் முழுவதும் 2019இல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது; மெக்சிகன் ரெட் நீ அடங்கிய பிராக்கிபெல்மா பேரினம் அதற்கு முன்பிருந்தே உள்ளது. 2022இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். மண் கலப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு, 100 முதல் 250 மி.லி. டப்பாவில் 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு மணல் சேர்க்காத செம்மண், நார்த்தூள் சரிபாதிக் கலவை, மாவுச் சல்லடையில் சலித்தது. வறண்ட இனத்தின் குஞ்சுக்கும் டப்பாவின் ஒரு பாதி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அந்த உடம்பில் தண்ணீர் சேமிக்க இடமில்லை.

எவ்வளவு கலக்க வேண்டும், எப்படி அழுத்த வேண்டும்

நீளம், அகலம், மண் உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 30க்கு 30 பெட்டியில் 15 செ.மீ. உயரம் என்றால் 13.5 லிட்டர். அழுத்தும்போது நான்கில் ஒரு பங்கு அமுங்கிவிடும், ஆகவே உதிரியாக 18 லிட்டர் வேண்டும். வறண்ட கலவைக் கணக்கில் செம்மண் 9, நார்த்தூள் 7, மணல் 2 லிட்டர். ஒரு 650 கிராம் கட்டியே போதும்.

உயரத்தை முடிவு செய்வது சிலந்தியின் கால் விரிப்பு. தரை இனத்துக்குக் குறைந்தது அந்த அளவு மண். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வெற்றிடம் கூடாது. கனத்த சிலந்தி அதற்கு மேலிருந்து விழுந்தால் பின்வயிறு கிழிந்து உயிர் போகலாம். கண்ணாடிப் பெட்டி உயரமாக இருந்தால் அதை மாற்றத் தேவையில்லை, மண்ணை ஏற்றுங்கள். வளை தோண்டுபவைக்கு இரண்டு, மூன்று மடங்கு ஆழம் வேண்டும். நடுத்தர அளவுக்கு 25 செ.மீ. அப்போது 22.5 லிட்டர், உதிரியாக 30. நிரப்பிய பெட்டி 25 கிலோவைத் தாண்டும். மெல்லிய அக்ரிலிக் அடி வளைந்துவிடும். பெட்டி நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தில் வைத்த பிறகே நிரப்புங்கள்.

காய்ந்த மண்ணையும் பிழிந்த நார்த்தூளையும் தார்ப்பாயில் கொட்டி, சாந்து கலப்பதுபோல் மூன்று முறை புரட்டுங்கள். பிறகு 10 லிட்டருக்கு முக்கால் லிட்டர் தண்ணீரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கசிந்தால் வெயிலில் ஒரு மணி நேரம் பரப்புங்கள். அடுத்த நாள்வரை மூடி வைத்தால் ஈரம் சீராகப் பரவும்.

நிரப்பும்போது 4 செ.மீ. அடுக்காகப் போட்டு, மரக்கட்டையாலோ முஷ்டியாலோ அழுத்துங்கள். ஒவ்வோர் அடுக்கும் இறுகிய பிறகே அடுத்தது. இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கலவை சரியாக இருந்தும் குழி இடிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அழுத்தாததுதான். மூலைகளை விட்டுவிடாதீர்கள், சிலந்தி பெரும்பாலும் கண்ணாடியை ஒட்டியே தோண்டும். பெரிய கல்லோ கட்டையோ வைப்பதானால் பெட்டியின் அடியில் ஊன்றி வைத்து, பிறகு மண் போடுங்கள். மண்மேல் வைத்த கல் கீழே குழி தோண்டும் சிலந்திமேல் இறங்கும். தொடக்கக் குழி ஒன்றைத் தடித்த பேனாவாலோ மூங்கில் குச்சியாலோ 45 பாகைச் சாய்வில், மேலே அரைவட்டப் பட்டை ஒன்றைக் கூரையாக வைத்துப் போட்டுக் கொடுங்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

வளை தோண்டுபவை, தெரபோசா ஆகியவற்றின் பெட்டியில் ஒரு மூலையில் அடிவரை இறங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள். தண்ணீர் அதன் வழியாக அடிக்குப் போகும். மேற்புறம் காய்ந்தும் அடி ஈரமாகவும் இருப்பதுதான் இவற்றுக்கு இயல்பான தரை. அடியில் சரளை அடுக்கு வைக்காதீர்கள், அங்கே தேங்கும் நீர் அழுகி நாறும்.

நம் ஊர்ப் பருவமும் ஈரமும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவை, பல்லடம், உடுமலை வீடுகளில் பெட்டியின் மேல்மண்ணை இரண்டே நாளில் உலர்த்திவிடும். காற்றடிக்கும் சன்னல் பக்கத்திலிருந்து பெட்டியை நகர்த்தி, தண்ணீர்க் கிண்ணத்தை வாரம் ஒருமுறை வழியவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ்: தண்ணீர் விடுவதைப் பாதியாகக் குறைக்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கரூர், ஈரோட்டுக் கோடையில் அறை 35 பாகையைத் தாண்டினால் மண்ணின் ஆழம்தான் சிலந்திக்கு அடைக்கலம். ஈரமான அடிமண் குளிர்ச்சியாக இருக்கும். ஆழமில்லாத பெட்டிக்கு இந்த வசதி கிடையாது.

தண்ணீர் தெளிப்பானால் தினமும் பெட்டி முழுக்கத் தெளிப்பதால் பயனில்லை. மேல் அரை செ.மீ. மட்டும் நனைந்து காயும், அடி வறண்டே கிடக்கும்.

எது தவறுகிறது, ஏன்

சிலந்தி கண்ணாடியிலேயே தொங்குகிறது, கீழே இறங்கவில்லை. புது மண் ஈரம் அதிகம். மூடியின் காற்றுத்துளையை அதிகமாக்கி, ஒரு வாரம், பத்து நாள் விட்டுவிடுங்கள். மீண்டும் மீண்டும் கையால் இறக்கிவிட வேண்டாம்.

கிண்ணத்துத் தண்ணீர் ஒரே நாளில் காணாமல் போகிறது. நார்த்தூள் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு, திரிபோல் உறிஞ்சுகிறது. விளிம்பு மண்ணுக்கு ஒரு செ.மீ. மேலே நிற்க வேண்டும்.

வெள்ளைப் பூஞ்சணம். தின்ற மிச்சம் எங்கோ கிடக்கிறது, அதை எடுத்து அந்த இடத்து மண்ணைச் சுரண்டிவிடுங்கள். ஈரப் பெட்டிகளில் ஸ்பிரிங்டெயில் என்னும் குட்டிப் பூச்சிகளை விட்டால் அவை தின்று தீர்க்கும். மஞ்சள் நிறக் குட்டிக் காளான் முளைத்தால் பறித்தெறிந்தால் போதும்.

மண்ணில் அழுகல் நாற்றம் வந்தால் அடியில் நீர் தேங்கியிருக்கிறது. அதைக் காயவைத்துச் சரிசெய்ய முடியாது, மொத்தமாக மாற்றுங்கள்.

நகரும் வெள்ளைப் புள்ளிகள் பேன்கள். ஈரத்தைக் குறைத்து, உணவு மிச்சத்தை அன்றன்றே எடுத்தால் குறையும். சிலந்தியின் வாயருகே மொய்த்தால் காத்திருக்காமல் அதை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

எறும்பு வந்தால் எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு கிழிக்காதீர்கள். அதில் இருப்பது பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி, சிலந்திக்கு நஞ்சு. கொசு மேட்டும் திரவமும் அந்த அறையில் வேண்டாம். சர்க்கரை டப்பாவை வைப்பதுபோல் பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில், செங்கல்மேல் வையுங்கள்.

பழைய மண்ணை மாற்றும்போது அமெரிக்கக் கண்டத்து இனங்களின் அரிக்கும் முடி அதில் நிறையக் கலந்திருக்கும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். கண்ணில் பட்டால் அரிப்பு நாள்கணக்கில் நீடிக்கும், மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். நன்றாகக் கலந்து அழுத்திய மண்ணை இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் மொத்தமாக மாற்றத் தேவை வருவது அரிது. எச்சம் விழுந்த இடத்தை மட்டும் கரண்டியால் எடுத்தால் போதும். தோலுரிக்கப் போகும் சிலந்தி வளைவாயை மண்ணாலும் வலையாலும் அடைத்துவிட்டால் அது திறக்கும்வரை பெட்டியைத் தொடாதீர்கள், தண்ணீர்க் குழாயில் ஊற்றுவதைத் தவிர.